கனவில் அக்காவுக்குக் கல்யாணம்

கனவில் கல்யாணம் பார்த்தால் வீட்டில் சாவு விழும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தினசரிக் காலண்டரின் அட்டையில் அச்சடித்திருக்கும் கனவுப் பலன்களை விரல் வைத்துப் படித்து, உறுதி செய்துகொண்டு நம்பினேன்.

இதில் கூடுதலாக வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விழுப்புரத்தில் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுவதுதான் என் தொழில். மாதத்தில் பாதி நாள் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு கல்யாணம் பார்க்கிறவன் நான். கெட்டிமேளம் என் ஒலிபெருக்கியில்தான் கொட்டுகிறது. 'வாசலில் வண்டியை நிறுத்தியவர்கள் உடனே எடுக்கவும்' என்று ஊருக்கே கேட்கிற குரல் என்னுடையது. இத்தனை கல்யாணம் பார்த்தும் என் வீட்டில் ஒரு பூனைகூடச் சாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு கல்யாணம் பார்த்ததும் ஆடிப்போய்விட்டேன்.

ஆடிப்போனதற்குக் காரணம், கனவில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தது என் அக்கா.

அக்காவுக்கு அறுபது வயது. பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது. திண்டிவனத்தில் தனியாகத்தான் இருக்கிறாள். பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். ஆனால் அக்காவுக்கு ஏற்கெனவே இதயத்தில் கொஞ்சம் கோளாறு உண்டு. இரத்தம் கட்டிப்போகாமல் இருக்கத் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறவள். அதனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. அம்மா அப்பா போன பிறகு என்னை 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

அந்த வாரத் திங்கட்கிழமை விடியும் நேரத்தில் கனவு வந்தது. மண்டபம் நிறைய ஜனம். அக்கா மாம்பழக் கலர் பட்டுப்புடவையில், கழுத்தில் மாலையும் மூக்கில் கண்ணாடியுமாக மணையில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லை. நான் மைக் பக்கத்தில் நிற்கிறேன். யாரோ ஒரு பெண் வந்து என் கையில் துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்து எதையோ சொல்கிறாள். நான் அதைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போய் உட்கார்கிறேன். இலையில் பாயசம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை அணை கட்டி நிறுத்த முடியவில்லை. விழித்துக்கொண்டேன்.

எழுந்தவன் நேராகக் காலண்டர் அட்டைக்குப் போனேன். 'திருமணம் காணல்: துக்கச் செய்தி.' அவ்வளவுதான் போட்டிருந்தது. 'பாயசம் காணல்' என்று வேறு ஒரு நல்ல பலன் இருக்குமா என்று அட்டை முழுக்கத் தேடினேன். பாம்பு, யானை, ஆந்தை எல்லாம் இருந்தன. பாயசம் இல்லை.

"காலங்காத்தால காலண்டர்ல என்னாத்த தேடறீங்க?" என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "வாரத்துல நாலு நாளு மண்டபத்துல கெடக்கற ஆளுக்குக் கனவுல கல்யாணம் வராம கப்பலா வரும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். ஆனால் பயம் பிடித்தவனுக்கு நல்ல கேள்வி காதில் ஏறாது. அவள் குளிக்கப் போனதும் அக்காவுக்குப் போன் போட்டேன். அதிசயமாக எடுத்துவிட்டாள். அக்கா வைத்திருப்பது ஒரு சின்னப் போன். அதை அரிசி டிரம்மின் மூடி மேல் வைத்துவிட்டு, சார்ஜ் போடுவதை மறந்துவிடுவாள். அதனால்தான் ஆஸ்பத்திரியில்கூட என் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழம ஆபரேஷன் வேணாம். அன்னிக்கு அஷ்டமி."

"அஷ்டமியா? எங்க ஊட்டு காலண்டர்ல தசமின்னு போட்டிருக்கு."

"இல்லக்கா, உனக்கு சந்திராஷ்டமம் வேற."

"டேய், வயித்துல இருக்கற கல்லுக்கு அஷ்டமி நவமியெல்லாம் தெரியுமா? அது தினம் குத்திக்கினு இருக்கு. நீ இன்னாத்துக்குப் பயப்படற? கத்தி எனக்கா, உனக்கா?"

உண்மையைச் சொல்ல நாக்கு வரை வந்தது. கெட்ட கனவைச் சம்பந்தப்பட்ட ஆளிடமே சொன்னால் பலித்துவிடும் என்ற இன்னொரு நம்பிக்கையும் என்னிடம் கைவசம் இருந்தது. ஒன்று போதாதா? அதையும் சேர்த்தே வைத்திருந்தேன். எனவே, "சும்மா கேட்டேன்க்கா, சாப்ட்டியா, மாத்திர போட்டியா?" என்று முடித்தேன்.

"ரெண்டும் ஆச்சு. ஒரு நாளு தவறினது இல்ல," என்றாள் பெருமையாக.

இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மண்டபத்தில் என் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சமையல் மாஸ்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஆயிரம் பேருக்கு சாம்பார் வைக்கிற ஆள். கனவு, சகுனம், மூல நட்சத்திரம் எதைக் கேட்டாலும் கரண்டியைக் கீழே வைக்காமல் பதில் சொல்வார்.

"விடிகாலக் கனவா?" என்றார்.

"ஆமா."

"பொண்ணு யாருன்னு மொகம் தெரிஞ்சிதா?"

"அக்கா."

கரண்டியைக் கீழே வைத்தார். 

"ஒரு வழி இருக்கு," என்றார். "ஓடற தண்ணியாண்ட போயி கனவ மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் வாய்விட்டு சொல்லிடு. தண்ணி அத எடுத்துக்கினு போயிடும். ஆனா ஒண்ணு விடாம சொல்லணும். பாதி சொல்லி பாதி விட்டா, விட்டது ஊட்லயே தங்கிடும்."

செவ்வாய்க்கிழமை விடியலில் அதே கனவு மறுபடியும் வந்தது. அதே புடவை, அதே சீட்டு, அதே பாயசம். இரண்டாம் முறை வந்துவிட்டதே என்று நடுங்கி, எழுந்த கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தண்ணீரிடம் சொல்ல ஆரம்பித்தேன். "மண்டபம் நெறைய ஜனம். அக்கா மாம்பழக் கலரு பட்டு..." அந்த இடத்தில் மேல்தொட்டி காலியாகிவிட்டது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பாதிக் கனவு போய்விட்டது. மீதிப் பாதி, மாஸ்டர் கணக்குப்படி, என் வீட்டுக் குளியலறையில் தங்கிவிட்டது.

"உள்ள யாராண்ட பேசிக்கினு இருக்கறீங்க?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"மோட்டார் போடு."

"கரன்ட் இல்ல."

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கோவில் விழாவுக்குக் கொடுத்திருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை எடுத்து வர வேண்டிய வேலை இருந்தது. போகிற வழியில் பெண்ணையாறு. சின்னக் குழாய் கைவிட்டாலும் ஆறு கைவிடாது என்று மொபெட்டைக் கிளப்பினேன். அது வைகாசி மாதம் என்பதை யோசிக்கவில்லை. ஆற்றில் மணல் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, மணல் அப்படியே கிடந்தது. நடுவில் இரண்டு மாடுகள் நின்றுகொண்டு, தண்ணீர் எங்கே என்று என்னைக் கேட்பது போலப் பார்த்தன.

ஆற்றைத் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்தில் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீர். வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பம்பின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று தொழில் குரலிலேயே கனவைச் சொன்னேன். பாயசத்துக்கு அணை கட்டிய இடம் வரைக்கும் வந்துவிட்டேன்.

"யார் சார் நீங்க? தண்ணியாண்ட இன்னா பேசிக்கினு இருக்கறீங்க?"

கரும்புக்குள்ளிருந்து மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். தோட்டத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ஓடவும் முடியாது, பொய்யும் தோன்றவில்லை. சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதெல்லாம் சரி. அக்கா ஒக்காந்திருந்தாங்க, மாப்ள மொகம் தெரியல. நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"பாயசம் சாப்ட்டுக்கினு இருந்தேன்."

"அதுக்கு முன்ன?"

"மைக்காண்ட நின்னுக்கினு இருந்தேன். ஒரு பொம்பள வந்து சீட்டு குடுத்துச்சு."

"சீட்டுல இன்னா எழுதியிருந்துது?"

"படிக்கல. பாக்கெட்ல வெச்சிக்கினேன்."

 "நல்லா இருக்கு சார். மைக் செட்டுக்காரரே சீட்ட படிக்கலன்னா, வேற யாரு படிப்பாங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். என் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அது வேறு சட்டை. ஆனால் கை போன அந்த நொடியில் போன வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. முகூர்த்த நாள். நான் மைக் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு காதில் நாதஸ்வரம், இன்னொரு காதில் போன். பேசியது ஒரு பெண். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். அக்காவின் மாத்திரையைப் பற்றி ஏதோ சொன்னார். "எழுதிக்கினேன் சிஸ்டர், சொல்லிடறேன்," என்றேன். கைக்குக் கிடைத்த துண்டுச்சீட்டில் எழுதினேன். பாக்கெட்டில் வைத்தேன். யாரோ "மைக் அண்ணே, ஜல்தியா வாங்க, பந்தி முடியப்போவுது" என்று கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பாயசம் நன்றாக இருந்தது.

என்ன எழுதினேன் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன். துவைப்பதற்கு முன்னால் என் பாக்கெட்டுகளைத் துழாவி, கிடைக்கிற சீட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பது அவள் வழக்கம். என்றைக்காவது கேட்டுவிட்டுக் கத்துவேன் என்பதால் எறியமாட்டாள்.

"டப்பாவ எடு. எல்லாச் சீட்டையும் படி."

"எதுக்கு இப்ப?"

"படி, சொல்றேன்."

டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அவள் படிக்க ஆரம்பித்தாள். "'பச்சைக் கலர் கார் வாசலை அடைத்து நிற்கிறது.' இதா?"

"இல்ல."

"'பெண்ணின் தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.'"

"இல்ல."

"'ஒரு கால் கொலுசு கிடைத்துள்ளது.' இது யாரு கொலுசு? குடுத்தாச்சா இல்லியா?"

"ஏ, அடுத்தத படி."

"'அக்கா...'" என்று நிறுத்தினாள். "உங்க கையெழுத்துதான். கோழி கிண்டினாப்பல இருக்கு. 'அக்கா. ரத்த மாத்திர. ஞாயிறுலேர்ந்து நிறுத்தணும். அஞ்சு நாள். கண்டிப்பா.'" கண்டிப்பா என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பதாகவும் சொன்னாள். கோடு போடத் தெரிந்திருக்கிறது எனக்கு.

"இன்னிக்கு செவ்வாக்கிழம," என்றாள்.

எனக்கும் தெரியும். ஞாயிறு, திங்கள், செவ்வாய். 'ஒரு நாளு தவறினது இல்ல.' இரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் கத்தியின் கீழே படுத்தால் போகிற இரத்தம் நிற்காது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல தண்ணி குடிங்க சார்," என்று பம்பைக் காட்டினார். அதுவரை அந்தத் தண்ணீரை நான் குடிக்கிற பொருளாகவே நினைக்கவில்லை.

அக்காவின் போன் அணைந்திருந்தது. குழாய் ஒலிபெருக்கிகளைக் கோவிலிலேயே விட்டுவிட்டு, விழுப்புரம் வந்து வண்டியைப் பேருந்து நிலையத்தில் போட்டுவிட்டுச் சென்னைப் பேருந்து ஏறினேன். விக்கிரவாண்டியில் ஆள் ஏற்றினார்கள். கூட்டேரிப்பட்டில் ஆள் இறக்கினார்கள். ஓட்டுநர் பேருந்து ஓட்டவில்லை, மாட்டு வண்டி ஓட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தின்றுகொண்டிருந்தவர் எனக்கும் ஒரு கை கொடுத்தார். வாங்கி, தின்னாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பழக்கம்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கனவையும் சொன்னேன். இனி மறைத்து என்ன?

அவள் புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஊர்ல எவன் கார் எங்க நிக்குதுன்னு மைக்ல கத்தற. அக்காவுக்குச் சொல்ல வேண்டியத மட்டும் பாக்கெட்ல வெச்சிக்கினியா?"

"தப்புதான்க்கா."

"காலையிலயும் போட்டுட்டேனே."

"ஆபரேஷன் அன்னிக்கு 'மாத்திர நிறுத்திட்டீங்களா'ன்னு கேப்பாங்க இல்ல? அப்ப இன்னா சொல்லியிருப்ப?"

"ஆமான்னு சொல்லியிருப்பேன். டாக்டருங்க எது கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுவேன். இல்லன்னு சொன்னா திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. பேஜாரு."

 என் போனில் வெள்ளிக்கிழமை வந்த அழைப்புகளில் துழாவி, மண்டபக்காரர்களையும் பூக்காரரையும் தள்ளிக்கொண்டே போய், ஒருவழியாக நர்ஸைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும், கடைசி மாத்திரையை எப்போது போட்டார்கள் என்று கேட்டார். இன்றைக்குக் காலையில் என்றேன். 

"நல்லவேள, இப்பவே சொன்னீங்க," என்றார். "நாளையிலேர்ந்து போட வேணாம். வெள்ளிக்கிழம வேணாம், டாக்டராண்ட கேட்டு அடுத்த வாரம் நாள் சொல்றேன். இந்தத் தடவ நீங்க எழுத வேணாம் சார். அவங்களாண்டயே போனக் குடுங்க."

கொடுத்தேன். அக்கா நர்ஸ் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றாள். நான் போனைப் பிடுங்கி மறுபடியும் கேட்டு, மாத்திரை அட்டையை எடுத்து என் கையாலேயே அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அப்போதுதான் வயிற்றிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. இரண்டு நாளாக அதை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. மல்லாட்டை ஞாபகம் வந்தது. எடுத்து இரண்டு பேரும் உரித்துத் தின்றோம்.

"மாப்ள யாருன்னு பாத்தியாடா?" என்றாள் அக்கா திடீரென்று.

"மொகம் தெரியலக்கா."

"அதயாவது பாத்துக்கினு வந்திருக்கலாம்."

அதற்கப்புறம் என் கனவுகளைக் காலண்டர் அட்டையில் தேடுவதை விட்டுவிட்டேன். அந்த அட்டையை அச்சடித்தவருக்கு என் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரிந்தவன் நான் ஒருவன்தான். பகலில் காதில் வாங்கி, கையால் எழுதி, மூளையின் ஏதோ ஒரு மூலையில் போட்டுவிட்டு நான் பாயசம் சாப்பிடப் போய்விட்டேன். அந்த மூலை மட்டும் தூங்காமல், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், மண்டபமும் மைக்குமாக, இரண்டு விடியல் கூப்பிட்டிருக்கிறது. நான் மணப்பெண்ணைப் பார்த்துப் பயந்தேனே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் எழுந்ததும் தோட்டத்துக்காரர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: கனவில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? ஒரு முறை, பரீட்சை அறையில் பேனா மை கசிந்து கையெல்லாம் சுடுவதாகக் கனவு. யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டபோது வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். திறந்தேன், உள்ளே ஒரு ஒயர் கருகிக்கொண்டிருந்தது. அதற்காக எல்லாக் கனவிலும் ஏதாவது கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. போன வாரம் ஒரு யானை என் மொபெட்டை இரவல் கேட்டது. மனைவியும் நானும் டீ ஆறிப்போகிற வரை யோசித்தோம். கடைசியில், "ராத்திரி ரெண்டு பரோட்டா கூடவே தின்னீங்க," என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். காலண்டரைவிட அது சரியான பலனாகத் தெரிந்தது.

கொலுசையும் உரியவரிடம் சேர்த்தாயிற்று. அது தொலைந்த கல்யாணத்து மணப்பெண்ணின் சித்தியுடையது. கோலியனூரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு, நர்ஸ் சொன்னபடி அடுத்த வாரம், வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையை எடுத்தார்கள். உள்ளே மூன்று கற்கள் இருந்தன. இரத்தம் அதிகம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.